இன்னும் கொஞ்சம் அழுத்தி

என் வீட்டுக்காரர் பேஸ் கிட்டார், அதாவது பாட்டுக்கு அடியில் கனமாக ஓடும் கிட்டார், வாசிப்பவர். வீட்டில் அவர் குரல் எடுபடாது, அது வேறு கதை. ஆனால் பதினோரு வருடமாக ஒரே குழுவில் வாசிக்கும் மனுஷன், பாட்டுகளைக் கலந்து முடிக்கிற என் ஸ்டூடியோவில், என் ஸ்பீக்கரில், மூன்று வாரமாகக் காதில் விழாமல் காணாமல் போயிருந்தார். யாராவது நல்ல புத்தியுள்ளவளாக இருந்தால் தன்னைத்தான் சந்தேகப்பட்டிருப்பாள். நான் அவரைச் சந்தேகப்பட்டேன்.

முதல் நாளே சொன்னார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், பதிவு அறையில் உட்கார்ந்து, "எனக்கு இங்க நல்லாத்தான் கேக்குது, உன் பக்கம் ஏதாவது பாரேன்" என்றார். என் பக்கமா? இருபது வருடமாகக் காதை வைத்தே பிழைக்கிறவளிடம் பேசுகிற பேச்சா அது? பேசும் மைக்கை இழுத்து, "கேக்கல. இன்னும் கொஞ்சம் அழுத்தி" என்றேன். அழுத்தினார். மறுபடியும் அதையே சொன்னேன். தினம் தினம் சொன்னேன். இரண்டு விரல்களும் கொப்புளம் கண்டு, பிளாஸ்டர் ஒட்டி, கடைசியில் சட்டைப் பட்டன் போடக்கூட என்னைக் கூப்பிட வேண்டியதாயிற்று. பட்டனையும் போட்டுவிட்டு, ஒழுங்காகப் பயிற்சி செய்திருந்தால் இந்தக் கதி வருமா என்று அறிவுரையும் சொன்னேன். என்ன வாய் எனக்கு!

பேஸ் கிட்டாரை நான் இரண்டு வழியில் பதிவு செய்வேன். கிட்டாரிலிருந்து நேராக ஒரு வயர். அவருடைய பெட்டி ஸ்பீக்கருக்கு ஓர் அடி தள்ளி ஒரு மைக். வயரில் தெளிவு வரும், மைக்கில் கனம் வரும், இரண்டையும் சேர்த்தால் நெஞ்சில் வந்து உட்கார வேண்டும். உட்காரவில்லை. பாவம், தூக்கிவிடலாம் என்று மைக்கின் ஒலியைக் கூட்டக் கூட்ட மனுஷன் இன்னும் மெலிந்தார். இதெல்லாம் ஒரு விரலா என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

குழுவின் பாடகருக்கு 'தலை' என்று பெயர். பாடும்போது அதை ஆட்டிக்கொண்டே இருப்பார், அதனால் வந்த பெயர். உள்ளே இருப்பதைப் பார்த்து யாரும் வைக்கவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் பேஸ் சரியாகவில்லை என்றால் அந்தப் பகுதியைத் தன் மச்சினன் கீபோர்டில் வாசிப்பான், மேடையிலும் இனி அவன்தான் என்று சொல்லிவிட்டார். அதாவது, என் வீட்டுக்காரர் மூட்டை கட்டலாம்.

வெள்ளிக்கிழமை காலை எல்லோரும் வந்தார்கள். மச்சினன் கீபோர்டைத் தோளிலேயே மாட்டிக்கொண்டு வந்திருந்தான், அவ்வளவு அவசரம் அவனுக்கு. என் வீட்டுக்காரர் சோபாவின் ஓரத்தில் ஒடுங்கி உட்கார்ந்தார். முந்தின நாள் புதிதாகப் பதிவு செய்ததைப் போட்டேன். டிரம் காலி டின்னைத் தட்டுவதுபோல் டொக் டொக் என்றது. அதற்குக் கீழே ஒன்றுமே இல்லை. பாட்டு பாதி ஓடியதும் தலை என் நாற்காலிக்கு அருகில் வந்தார்.

"வருத்தப்படாத தங்கச்சி. பேஸ மொத்தமா தூக்கிடு."

நான் திரும்பி என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். சண்டை போடுவார் என்று நினைத்தேன். போட்டிருக்கலாம். அவர் பிளாஸ்டரைத் தடவிக்கொண்டே, "தூக்கிடு" என்றார். இப்படிச் சோர்ந்துபோய் அவர் பேசிக் கேட்டதே இல்லை.

பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. தூக்க வேண்டியது இரண்டு டிராக், வயர் ஒன்று, மைக் ஒன்று. முதலில் மைக்கை அணைத்தேன்.

ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. மேஜையில் இருந்த பேனா உருண்டு கீழே விழுந்தது. பேஸ் வந்துவிட்டது ஐயா, எங்கிருந்தோ கிளம்பி வந்து நெஞ்சில் குத்தியது. தலை ஆடுவது நின்றது. இருந்த இரண்டில் ஒன்றை எடுத்தால் சத்தம் எப்படிக் கூடும்? ஒரே கதவை ஆளுக்கொரு பக்கமாக இரண்டு பேர் தள்ளிக்கொண்டிருந்தால்தான் அப்படி நடக்கும். ஒருவர் விலகியதும் கதவு படாரென்று திறக்கும்.

திரையில் இரண்டு அலைகளையும் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒலியைக் காதால்தான் பார்க்க வேண்டும், கண்ணால் அல்ல என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிறவள் நான், அதனால் அதுவரை பார்க்கவே இல்லை. வயரின் அலை மேலே ஏறும் இடத்தில் மைக்கின் அலை கீழே இறங்கியது. போலாரிட்டி, அதாவது அலையின் ஏற்ற இறக்கம், தலைகீழ். மைக்கை மறுபடி திறந்து, அலையைத் திருப்பிப் போடுகிற, குறுக்கே கோடு போட்ட வட்டம் இருக்கிற அந்தச் சின்ன பட்டனை அமுக்கினேன். இன்னும் கனத்தது. ஓர் அடி தள்ளியிருந்த மைக்குக்கு ஒலி கொஞ்சம் தாமதமாகத்தானே போய்ச் சேரும்? ஒரு மில்லி செகண்ட். அந்த டிராக்கை அவ்வளவு தூரம் முன்னால் நகர்த்தினேன். இரண்டு அலையும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கின. டிரம்முக்குக் கீழே தரை வந்தது.

தலைகீழானது எப்படி என்று யோசிக்கத் தேவையே இருக்கவில்லை. அந்த மைக்குக்காக மூன்று வாரத்துக்கு முன்னால் நீளமான கேபிள் ஒன்றை நானே ஈயம் வைத்துச் சால்டர் செய்தேன். போன் தோளில், நாத்தனாரோடு சண்டை வாயில். மூன்று வயரில் இரண்டை இடம் மாற்றி ஒட்டியிருக்கிறேன். அந்த மைக் தனியாக ஒலித்தால் ஒருவருக்கும் தெரியாது. அதே ஒலி இன்னொரு வழியிலும் வந்தால் ஒன்றை ஒன்று விழுங்கிவிடும்.

"பாத்தியா, மூணு வாரம் விரட்டினதும் கை வந்துடுச்சு" என்று தலை என் வீட்டுக்காரர் முதுகில் தட்டினார். அவர் பிளாஸ்டர் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, அத்தனை நாளில் முதல் தடவையாகச் சிரித்தார்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். அவருக்கும் சந்தோஷம், என் மானமும் தப்பும். ஆனால் பத்து வருடத்துக்கு மேலாகச் சுமாராக வாசித்து, இந்த வாரம்தான் தேறினோம் என்று அந்த மனுஷன் காலமெல்லாம் நம்பிக்கொண்டிருப்பார்.

முதல் நாள் பதிவை எடுத்தேன். கொப்புளம் வராத விரல்கள், என்னிடம் திட்டு வாங்காத வாசிப்பு. பட்டனை அமுக்கி, ஒரு மில்லி செகண்ட் நகர்த்தி ஓடவிட்டேன். புதியதைவிட இதுதான் ஜோர். பயமே இல்லாமல், நடந்து போகிற சுகத்தில் வாசித்திருந்தார். இது எப்போது பதிவு செய்தது என்று தலை கேட்டார். முதல் நாள் என்றேன். இதையே வைத்துவிடு என்று சொல்லிவிட்டு அவர் மச்சினனைப் பார்த்தார். அவன் உறையைவிட்டே எடுக்காத கீபோர்டை மறுபடி தோளில் மாட்டிக்கொண்டான்.

என் வீட்டுக்காரர் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சிரிப்பு போயிருந்தது.

"தப்பு என் கேபிள்ல" என்றேன், திரையைப் பார்த்தபடி, பல்லுக்குள்.

அவர் சோபாவில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

"கேக்கல. இன்னும் கொஞ்சம் அழுத்தி."

எழுந்து நின்று சொன்னேன்.