ஹாவ்லிக் வீட்டு அவுட்ஃபீல்டர்

வில்கின் பெகேரோ கணினித் திரையில் தன் பெயரைப் பார்த்தது தற்செயலாகத்தான். கடல் தாண்டி, சொந்த ஊர் அசுவாவில் இருக்கும் அம்மாவோடு பேசலாம் என்று, தான் தங்கியிருந்த ஹாவ்லிக் வீட்டுச் சமையலறைக் கணினியின் முன் உட்கார்ந்தான். யாரோ மூடாமல் விட்டுப்போன பக்கம் ஒன்று அதில் திறந்திருந்தது. வரிசையாக இருபத்தைந்து பெயர்கள். இருபத்து நான்கு பேர் தொலைக்காட்சியில் வருகிற பெரிய பேஸ்பால் ஆட்டக்காரர்கள். கடைசிப் பெயர் அவனுடையது.

அதற்குக் கீழே யாரோ ஒரு நிபுணர் எழுதியிருந்தார்: 'வயது இருபத்தொன்று. பேட்டில் பட்டால் பந்து வேலிக்கு அப்பால்தான். ஆனால் ஆட இடம் கிடைக்க வேண்டுமே. பொறுமை இருப்பவர்கள் வைத்துக்கொள்ளலாம்.'

விசைப்பலகைக்குப் பக்கத்தில் ஒரு மஞ்சள் தாள் கிடந்தது. வீட்டுக்காரர் நார்ம் ஹாவ்லிக்கின் கோணல் எழுத்தில் ஒரே ஒரு வார்த்தை: 'மணிக்கட்டு?'

வில்கின் அந்தத் தாளைத் திரும்பவும் படித்தான். வலது மணிக்கட்டு இரண்டு வாரமாக வலிப்பதை அவன் யாரிடமும் சொல்லவில்லை, அம்மாவிடம்கூட. பெரிய குழுவுக்கு ஆள் தயார் செய்யும் அந்த அயோவா ஊர்க் குழுவில், அவுட்ஃபீல்டில், அதாவது களத்தின் வெளி வட்டத்தில், மூன்றே இடம். ஓர் இடம் கல்லூரியிலிருந்து பெரிய விலை கொடுத்துக் கொண்டுவந்த பையனுக்கு. அவன் எத்தனை தடவை கோட்டை விட்டாலும் இடம் போகாது. மற்ற இரண்டில் மூத்தவர்கள் இருவர். வில்கினுக்கு ஐந்து நாளில் இரண்டு நாள் ஆட்டம் கிடைத்தால் அதிகம். அப்படி ஆடிய ஆட்டங்களிலேயே வேலி தாண்டப் பதினான்கு ஹோம் ரன் அடித்திருந்தான். கை வலிக்கிறது என்று வாயைத் திறந்தால் அந்த இரண்டு நாளும் போய்விடும்.

அப்படியிருக்க, இந்த மனிதருக்கு எப்படித் தெரிந்தது?

மறுநாள் ஆடுகளத்தில் பந்து பிடிக்கும் கேட்சர் பிரெட் கோலியரிடம் விஷயத்தைச் சொன்னான். பிரெட் விழுந்து விழுந்து சிரித்தான்.

"அது ஃபேன்டஸி பேஸ்பால்டா. பத்துப் பேரு சேர்ந்து ஆளுக்கொரு டீம் வச்சுக்குவாங்க, காகிதத்துல. நெஜ ஆட்டக்காரன் அடிச்சா அவங்களுக்குப் பாயிண்ட். உன்ன மாதிரி இன்னும் மேல போகாத பயலுகள முன்னாடியே பிடிச்சுப் போட்டுக்குவாங்க. நீ பெரிய டீமுக்குப் போன அன்னைக்கு அவங்களுக்கு யோகம்."

"நான் அவரு வீட்லதானே தங்கியிருக்கேன்."

"அதான் சொல்றேன். கோழிய கூண்டுலயே வச்சிருக்காரு, எப்ப முட்டை போடும்னு பாக்க."

பிரெட் அதோடு விடவில்லை. நார்ம் வேலை பார்க்கும் தானியக் கிடங்கு ஆட்கள்தான் அந்தப் பத்துப் பேர் என்றான். அதில் டுவேன் என்பவனின் தம்பிதான் இந்தக் குழுவின் ரேடியோ வர்ணனையாளன். "உங்க வீட்டுல இருமினா இங்க டீம நடத்தற மேனேஜருக்குக் கேக்கும்," என்றான்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் எதைப் பார்த்தாலும் வில்கினுக்கு வேறு மாதிரி தெரிந்தது. நார்ம் தினமும் தன் பழைய டிரக்கில் அவனை ஆடுகளத்தில் கொண்டுவிடுவார். இதுவரை அதை நல்ல மனசு என்று நினைத்திருந்தான். இப்போது வழிநெடுக அவர் கேட்கிற கேள்விகள் காதில் குத்தின. இன்றைக்கு ஆடுகிறாயா? மேனேஜர் ஏதாவது சொன்னாரா? நேற்று சரியாகத் தூங்கினாயா? அவர் மனைவி ஜோலீன் தட்டில் இரண்டாவது மாட்டிறைச்சித் துண்டை வைத்தபோதுகூட, இது எனக்கா, அந்த இருபத்தைந்தாவது பெயருக்கா என்று யோசித்தான். அவன் சமையலறைக்குள் நுழைந்தால் அவர்கள் பேச்சு சட்டென்று நிற்பதுபோல் இருந்தது. ஆங்கிலத்தில் தாழ்ந்த குரலில் யார் பேசினாலும் தன்னைப் பற்றித்தான் என்று பட்டது.

அதைவிடப் பெரிய முள் ஒன்று இருந்தது. அந்தப் பக்கத்தில் தன் பெயர் சேர்ந்த தேதியைப் பார்த்திருந்தான். மார்ச் மாதம். குழு மூலம் இந்த வீட்டில் அறை கிடைத்தது ஏப்ரலில்.

சனிக்கிழமை காலை உணவின்போது ஒரு வேலை செய்தான். முட்டையைக் கிளறியபடியே, "இடது முட்டி கொஞ்சம் பிடிச்சுக்கிட்டிருக்கு நார்ம்," என்றான். முட்டியில் ஒன்றுமில்லை. இந்தப் பொய் எங்கே போய்ச் சேர்கிறது என்று பார்க்க வேண்டும்.

நார்ம் கரண்டியைக் கீழே வைத்தார். ஒரு நிமிடம் அவனையே பார்த்தார். "எப்பலேர்ந்து?"

"வியாழக்கிழமைலேர்ந்து."

"ட்ரெய்னர்கிட்ட காட்டினியா?"

"இல்ல. யார்கிட்டயும் சொல்லாதீங்க."

"சரி," என்றார் நார்ம். காபியைக் குடித்து முடிக்காமலே எழுந்து வெளியே போனார்.

திங்கட்கிழமை காலை அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தான் வில்கின். நார்மின் பட்டியலில் இருபத்து நான்கு பெயர்கள்தான் இருந்தன. தேடிப் பார்த்தான். 'வில்கின் பெகேரோ' இப்போது டுவேனின் குழுவில் இருந்தான்.

அவனுக்குக் கோபம்கூட உடனே வரவில்லை. நினைத்தது சரியாகிவிட்டதே என்ற கசப்பான திருப்திதான் முதலில் வந்தது. மதியம் ஆடுகளத்தில் கால் வைத்ததுமே, மேனேஜர் கூப்பிடுகிறார் என்று ஆள் வந்தது. போகும் வழியெல்லாம் பதிலைத் தயார் செய்துகொண்டான். முட்டியில் ஒன்றுமில்லை, வேண்டுமானால் ஓடிக் காட்டுகிறேன்.

மேனேஜர் கதவைச் சாத்தச் சொன்னார். "மணிக்கட்டு எத்தன நாளா வலிக்குது?" என்று கேட்டார்.

வில்கின் தயார் செய்திருந்தது வேறு கேள்விக்கான பதில். "முட்டியா?"

"முட்டி எங்கேர்ந்து வந்துச்சு? கையக் கேக்கறேன். பத்து நாளா நீ தொடற வேகப்பந்தெல்லாம் வலது பக்கமே தெறிச்சு வெளிய போகுது. பேட் லேட்டா வருது. இருபது வருஷமா இதத்தானே பாக்கறேன், எனக்குக் கண்ணு இல்லையா?"

குழுவில் காயங்களைப் பார்க்கும் ட்ரெய்னர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், எக்ஸ்ரே படம் எடுத்தார். எலும்பில் ஒன்றுமில்லை, தசைநார் வீக்கம்தான், பன்னிரண்டு நாள் பேட்டைத் தொடக்கூடாது என்றார். மேனேஜர் கடைசியாகச் சொன்னது வில்கினுக்குப் புதிராக இருந்தது. "ஒழுங்கா ஆறவிட்டு வா. ஜூலைல ஒரு இடம் காலியாகும் போல இருக்கு."

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது நார்ம் பின்கட்டில் புல் வெட்டும் இயந்திரத்தைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஜோலீன் படியில் உட்கார்ந்து சோளம் உரித்துக்கொண்டிருந்தாள். வில்கின் நின்றபடியே கேட்டான்.

"என்னை ஏன் பட்டியல்லேர்ந்து தூக்கினீங்க?"

நார்ம் நிமிரவில்லை. "பாத்துட்டியா."

"முட்டி வலின்னு சொன்னதும் தூக்கிட்டீங்க. டுவேன்கிட்ட குடுத்துட்டீங்க."

"நான் யாருக்கும் குடுக்கல. வெளிய விட்டேன், அவன் ஒரு மணி நேரத்துல பொறுக்கிக்கிட்டான். அப்புறம் போன் போட்டு என்னை நச்சரிச்சான், ஏன் விட்ட, பையனுக்கு என்ன கோளாறுன்னு. ஒண்ணும் இல்லன்னேன். நம்பல. இப்ப அவனும் தூங்காமத்தான் கெடப்பான்."

"அப்ப ஏன் விட்டீங்க?"

நார்ம் கையைத் துணியில் துடைத்தார். சொல்லலாமா வேண்டாமா என்பதுபோல் மனைவியைப் பார்த்தார்.

"சொல்லுங்க," என்றாள் ஜோலீன். "இல்லன்னா நான் சொல்வேன். நான் சொன்னா இன்னும் மோசமா இருக்கும்."

"நீ முட்டி வலின்னு சொன்னே பாரு," என்றார் நார்ம். "அந்த நிமிஷம் என் மண்டைல மொதல்ல என்ன ஓடிச்சு தெரியுமா? இவன எடுத்துட்டு யாரப் போடலாம்னு. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகணும்னு தோணினது அப்புறந்தான். அத நெனச்சு எனக்கே அருவருப்பா இருந்துச்சு தம்பி. சாப்பாட்டு மேஜைலயும் நீ, பட்டியல்லயும் நீன்னா எனக்குப் புத்தி ரெண்டாப் போகுது. அதான் ஒண்ண விட்டேன்."

வில்கின் ஜோலீனுக்குப் பக்கத்தில் படியில் உட்கார்ந்தான். பிறகு, "மணிக்கட்டு உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டான்.

"காபிக் கோப்பைய இடது கைல தூக்கற. நீயோ சோத்துக்கை ஆளு, வலது கைக்காரன்."

"மார்ச்சுல என்னைப் பட்டியல்ல எடுத்தீங்க. ஏப்ரல்ல வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தீங்க."

நார்ம் இயந்திரத்தின் ஒரு திருகை எடுத்துக் கையில் உருட்டினார். முகம் சிவந்தது. ஜோலீன்தான் சொன்னாள்.

"ஆமா கண்ணு. கிளப்புக்குப் போன் போட்டு உன் பேரச் சொல்லித்தான் கேட்டாரு. எனக்கே போன மாசந்தான் தெரியும். ரெண்டு நாளு இவருகூடப் பேசல."

ஆக, சந்தேகப்பட்டதில் பாதி உண்மை. வில்கினுக்கு அது ஒரு வகையில் நிம்மதியாக இருந்தது. எல்லாமே தன் கற்பனை என்று ஆகியிருந்தால் இன்னும் வெட்கமாக இருந்திருக்கும்.

"முட்டில ஒண்ணும் இல்ல," என்றான். "பொய் சொன்னேன். நீங்க எங்க போய்ச் சொல்றீங்கன்னு பாக்க."

நார்ம் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். "ஒண்ணுமே இல்லையா?"

"இல்ல."

நார்ம் அந்த இயந்திரத்தை ஒரு தடவை பார்த்தார், அவனை ஒரு தடவை பார்த்தார். அவர் முகத்தில் இருந்தது நிம்மதியா, நல்ல ஆட்டக்காரனை டுவேனுக்குத் தாரைவார்த்துவிட்ட வயிற்றெரிச்சலா என்று வில்கினால் கண்டுபிடிக்க முடியவில்லை. இரண்டும்தான் என்று பின்னாளில் ஜோலீன் சொன்னாள். அப்போது அவள் சோளத்தை மடியில் வைத்துக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

பன்னிரண்டு நாள் வில்கின் பேட்டைத் தொடவில்லை. தினமும் ஜோலீன் ஐஸ் பையை மணிக்கட்டில் கட்டிவிட்டாள். நார்ம் டிரக்கில் கொண்டுபோய் விட்டார். வழியில் ஆட்டத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. என்ன பேசுவதென்று தெரியாமல் சோள விலையைப் பற்றியே பேசினார். மூன்றாம் நாள் வில்கினே பொறுக்க முடியாமல், "ஆட்டத்தப் பத்தியே கேளுங்க நார்ம்," என்றான்.

ஜூலையில் கல்லூரிப் பையனை மேல்குழுவுக்கு அனுப்பினார்கள். அவன் ஆடிய இடது மூலை வில்கினுக்கு வந்தது. தினமும் ஆடினான். ஆகஸ்டில் மட்டும் பதினொரு ஹோம் ரன். அதில் ஒன்று வாகன நிறுத்தத்தில் டுவேனின் தம்பி, அந்த ரேடியோக்காரன் காரின் கண்ணாடியில் போய் விழுந்தது. நார்ம் அன்று முழுக்கச் சந்தோஷமாக இருந்தார்.

செப்டம்பர் முதல் வாரம் பெரிய குழுவிலிருந்து அழைப்பு வந்தது. ஆறு மணி நேரம் டிரக் ஓட்டிக்கொண்டு நார்மும் ஜோலீனும் வந்து மேல்வரிசையில் உட்கார்ந்தார்கள். முதல் ஆட்டத்தில் வில்கின் நான்கு முறை பேட்டோடு நின்றான், மூன்று முறை பந்தைத் தொடவே முடியாமல் திரும்பினான். மறுநாள் ஏழாவது இன்னிங்ஸில் ஒன்றை இடப்பக்க மேல்வரிசைக்கு அனுப்பினான். அந்த மாதம் மொத்தம் ஆறு ஹோம் ரன். அந்தப் புள்ளிகளால் கிடங்கு ஆட்களின் காகித லீக்கை டுவேன் ஜெயித்தான். நார்ம் மிகக் குறைந்த புள்ளி வித்தியாசத்தில் இரண்டாவது. தானியக் கிடங்கில் குளிர்காலம் முழுக்க அவரை அதைச் சொல்லியே வறுத்தெடுத்தார்களாம்.

ஜனவரியில் அசுவாவிலிருந்து வில்கின் போன் செய்தான். கை எப்படி இருக்கிறது என்று நார்ம் கேட்டார். நன்றாக இருக்கிறது என்றான் அவன். பிறகு கொஞ்சம் தயங்கி, "டுவேன்கிட்டேர்ந்து என்னைத் திருப்பி வாங்குவீங்களா?" என்று கேட்டான்.

"அது நீ வர்ற வருஷம் எங்க தங்கப் போறேங்கறதப் பொறுத்தது," என்றார் நார்ம்.

பெரிய குழுவில் இடம் உறுதியாகவில்லை, மறுபடியும் கீழே அயோவாவுக்கே அனுப்பினாலும் அனுப்புவார்கள் என்றான் வில்கின்.

"அப்ப பட்டியல்ல அவன்கிட்டயே இரு," என்றார் நார்ம். "இங்க உன் ரூமுக்கு ஜோலீன் புதுசா பெயிண்ட் அடிச்சிருக்கா."