கருவாட்டின் இடம்

கொரியாவின் தேகு நகரத்தில் ஆகஸ்ட் மாத வெயிலில் டாக்சி ஓட்டுகிறவனுக்கு முன்கோபம் வந்தால் யாரும் குறை சொல்லக் கூடாது. அந்த வருடம் என் கோபமெல்லாம் ஒரு கருவாட்டின் மேல்தான்.

டாக்சி வாங்கிய அன்று பூசை போட்டு, வெள்ளை நூல் சுற்றிய முழுக் கருவாட்டை என் சீட்டுக்கு அடியில் வைத்தவள் என் மனைவி மல்சுன். அது இருக்கும்வரை விபத்து வராதாம். வண்டியில் வெயில் படாத, கைக்கு எட்டுகிற இடம் அது ஒன்றுதான். வேறு வழியில்லாமல், அந்த வருடம் வாங்கிய புதுத் தீயணைப்பானைப் பின்கண்ணாடி ஓரம் வைத்தேன். மதியம் பார்த்தால் அதன் அழுத்தம் காட்டும் முள் பச்சைக் கோட்டைத் தாண்டி நின்றது, தொட்டால் கை சுட்டது. வெடித்துத் தொலைக்குமோ என்று நிஜமாகவே பயந்தேன்.

"கருவாட்டைக் கொஞ்சம் நகத்தலாமா?"

"ஹேரின் அப்பா, அதைத் தொட்டீங்க, அப்புறம் இருக்கு!" என்று மகள் பேரைச் சொல்லி அதட்டினாள்.

மறுநாள் அவளுக்குத் தெரியாமல் தீயணைப்பானைச் சீட்டுக்கு அடியில் வாரால் கட்டி, கருவாட்டை டிக்கியில் போட்டேன். அவள் அதைக் கண்டுபிடித்து, எனக்குத் தெரியாமல் இரண்டையும் இடம் மாற்றிவிட்டாள். அது எனக்கு ஞாயிற்றுக்கிழமைதான் தெரிந்தது.

அன்று மச்சினி வீட்டுக்குப் போகும் வழியில் முலாம்பழ வண்டி ஒன்றைக் கண்டு நிறுத்தினோம். விசிறிக்காக ஓடிக்கொண்டிருந்த ஜெனரேட்டரில் குப்பென்று தீப்பிடித்தது.

"ஐயோ, என் வண்டி! போன மாசந்தான் வாங்கினேன்!" என்று அலறினாள் பழக்காரி.

சீட்டுக்கு அடியில் கைவிட்டேன், இழுத்தேன், ஓடினேன். "தள்ளுங்க, தள்ளுங்க!" என்று கத்திக்கொண்டே தீயை நோக்கி நீட்டினேன்.

பழக்காரி என் கையைப் பார்த்தாள். "அண்ணே, இப்பக் கருவாடு சுடுற நேரமா?"

பின்னாலேயே மல்சுன் ஓடிவந்தாள், டிக்கியிலிருந்து எடுத்த தீயணைப்பானோடு. பிடுங்கி அடித்தேன். பழ வண்டிக்கு மேலே கட்டிய தார்ப்பாயைப் பிடிப்பதற்குள் தீ அடங்கியது.

வீடு திரும்பும்போது புதுத் தீயணைப்பான் ஒன்று வாங்கினோம். கடை வாசலிலேயே மல்சுன் கருவாட்டைத் தானே எடுத்துப் பின்கண்ணாடி ஓரம் வைத்தாள்.

"வெயில்ல கிடக்கட்டுமா?" என்றேன், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

"ஏற்கெனவே காஞ்ச மீன். இதுக்கு மேல வெயில் என்ன பண்ணிடும்?"

பிறகு அதன் நூலில் ஒரு முழம் பிரித்து, தீயணைப்பானின் அடிப்பக்கம் சுற்றி முடிச்சுப் போட்டு, சீட்டுக்கு அடியில் வாரால் இறுக்கினாள். வண்டி கிளம்பியபோது அவள் மடியில் பழக்காரி சும்மா கொடுத்த ஆறு பழங்கள். எனக்குக் கோபம் இருந்த இடமே தெரியவில்லை.

இப்போதெல்லாம் நான் கிளம்புமுன் அவள்தான் சீட்டுக்கு அடியில் குனிந்து பார்க்கிறாள்.

"பச்சைலதான் இருக்கு. போயிட்டு வாங்க."