மேலே போர்த்திய துணி

மந்திரவாதி தன் தலையைக் கழற்றி மேசைமேல் வைத்தபோது பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்தத் தலை கண்ணடித்ததும் பெரீன் பக்கத்தில் இருந்தவளின் தொடையில் ஓங்கி அறைந்தாள். ஜன்னல்களில் பழைய கப்பல் பாய்த்துணியைக் கட்டி, வலைக் கிடங்கை நடுப்பகலிலேயே இருட்டாக்கியிருந்தார் கார்வெல். படம் காட்டுவதற்காக பிரெஸ்த் துறைமுகத்திலிருந்து தீவுக்கு வந்திருந்தவர். யாரோ கொடுத்த படுக்கை விரிப்புதான் திரை. கிடங்கில் ஆண்கள் விரல்விட்டு எண்ணும்படிதான் இருந்தார்கள், மற்றவர்கள் கடலில். பார்பாவும் சிரித்தாள். அவள் சிரித்தது அவள் நாத்தனார் ஜானெத்துக்கே ஆச்சரியமாக இருந்தது. அண்ணன் கூல்வென் போனதிலிருந்து அண்ணி வாய்விட்டுச் சிரித்து அவள் பார்த்ததில்லை.

அடுத்து மந்திரவாதி மேசையில் இரண்டு மெழுகுவர்த்திகளை ஏற்றினான். நடுவே உள்ளங்கையளவு மெழுகுப் பொம்மை ஒன்றை வைத்தான். கிடங்கில் சிரிப்பு சட்டென்று நின்றது. அவன் பொம்மைமேல் வெள்ளைத் துணியைப் போர்த்தி, கையை ஆட்டிவிட்டு இழுத்தான். ஒரு முழு ஆம்பிளை மேசையிலிருந்து குதித்து, சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு கும்பிடு போட்டான். யாரும் கைதட்டவில்லை. சிலுவை போட்டுக்கொள்ளும் கைகள்தான் தெரிந்தன. பின்வரிசையில் ஒருத்தி தேம்ப ஆரம்பித்தாள். பிரெஸ்தில் விசிலடித்து இரண்டாம் தரம் கேட்டு வாங்கிப் பார்த்த காட்சியாயிற்றே என்று கார்வெல் முழித்தார். பாவம், அவருக்கு என்ன தெரியும்!

இந்தத் தீவில் கடல் எடுத்துக்கொண்ட உடம்பைத் திருப்பித் தருவது அபூர்வம். கப்பல் முழுகின சேதி வந்தால், செத்தவனின் ஞானத்தகப்பன் பொழுது சாய்ந்ததும் வந்து ஜன்னலைத் தட்டுவான். உள்ளங்கையளவு மெழுகுச் சிலுவை ஒன்றைச் செய்து, மேசையில் வெள்ளைத் துணி விரித்து அதன்மேல் வைப்பார்கள். இரண்டு பக்கமும் மெழுகுவர்த்தி. உடம்பு கிடப்பது போலவே விடியும்வரை அழுவார்கள், மறுநாள் கோயிலுக்குத் தூக்கிப் போவார்கள். பூசை முடிந்ததும் சிலுவை பீடத்தின் கீழிருக்கும் மரப்பெட்டிக்குள் போய்விடும். என்றைக்காவது ஆயர் தீவுக்கு வரும்போது பெட்டியில் சேர்ந்ததையெல்லாம் கல்லறைத் தோட்டத்தில் ஒரே கல்லறைக்குள் போட்டு மூடி முத்திரை வைப்பார். சடங்குக்குப் பெயர் ப்ரொயெல்லா. வீடு வந்து சேர்தல் என்று பொருள் சொல்வார்கள். கூல்வெனும் அப்படி வந்து சேர்ந்தவன்தான். ஆயர் வருகிற வியாழக்கிழமை வருகிறார்.

வீடு வந்து சேர்ந்தவனை ஏன் பெட்டியில் போட்டோம் என்ற கேள்வி பார்பாவை அன்றிலிருந்தே குடைந்துகொண்டிருந்தது. இங்கே பெண்தான் மாப்பிள்ளை கேட்டுப் போக வேண்டும். அவளும் போய், அவன் அம்மாவின் முறைப்பைப் பொறுத்து, கேட்டு வாங்கிக்கொண்டவள். அவனை லேசில் விட்டுக்கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை.

பாய்த்துணிகளை அவிழ்த்ததும் நேராகப் போய் கார்வெலின் முன் நின்றாள்.

"அந்த ஆளு எப்படிங்க வந்தான்?"

அவருக்கு அவள் முகத்தைப் பார்த்துப் பயம் வந்திருக்க வேண்டும். வித்தையை மறைக்காமல் சொல்லிவிட்டார். "ஒண்ணுமில்லம்மா. எல்லாரும் நின்ன எடத்துலயே ஆடாம அசையாம நிப்பாங்க. படம் புடிக்கற மெஷினை நிறுத்திருவாங்க. அந்த நேரத்துல ஆளு வந்து நிப்பான். நடுவுல நடந்தது பாக்கறவங்களுக்குத் தெரியாது."

அவர் சொன்னது ஒன்று, அவள் காதில் விழுந்தது வேறொன்று. வெளியே வந்ததும் ஜானெத்தின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நாம துணியைக் கீழ விரிச்சோம் ஜானெத். படத்துல மந்திரவாதி அதை மேல போர்த்துனான்."

"கண்கட்டு வித்தை அண்ணி. அவரே சொல்லிட்டாரே."

"கீழதான விரிச்சோம்?"

அன்று விரித்தது ஜானெத்தான். பார்பா கோயிலைப் பார்த்து நடந்தாள். ஏதாவது ஆகிவிடப்போகிறது என்று ஜானெத் பின்னால் ஓடினாள். அவளுக்குப் பின்னால், கார்வெல் சொன்னதைக் கேட்டுக்கொண்டிருந்த பெரீன் வந்தாள், இன்னும் ஏழெட்டுப் பேர் வந்தார்கள். யாரும் யாரையும் கூப்பிடவில்லை.

கோயிலில் சாமியார் இல்லை. பார்பா மரப்பெட்டியை இழுத்து மூடியைத் திறந்தாள். பெட்டி நிறையச் சிலுவைகள். எல்லாம் ஒரே அளவு, ஒரே மஞ்சள். கோடை வெயிலில் இளகிச் சில ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தன. ஒன்றிலும் பெயரில்லை. கூல்வெனின் உடம்பை இருட்டில் தொட்டால்கூட அவளுக்கு அடையாளம் தெரியும். இதில் ஒவ்வொன்றாய் எடுத்துத் தடவினாள், முகர்ந்தாள், திரும்ப வைத்தாள்.

"எது அண்ணி அண்ணன்?" என்றாள் ஜானெத். கேட்டபிறகு கேட்டிருக்கக் கூடாது என்று தோன்றியது அவளுக்கு.

பார்பா பெட்டியைத் தூக்கிப் பீடத்துப் படியில் கவிழ்த்தாள். ஒட்டியிருந்ததைப் பிரிக்காமல் எல்லாவற்றையும் பக்கம்பக்கமாகக் கிடத்தினாள். தன் வெள்ளைத் தலைத்துணியை அவிழ்த்து மேலே போர்த்தினாள். துணி போதவில்லை. பெரீன் தன்னுடையதை அவிழ்த்துக் கொடுத்தாள். அவள் புருஷனும் இரண்டு மகன்களும் அந்தக் குவியலில்தான் இருந்தார்கள். பிறகு மற்றவர்களும் ஒவ்வொருவராய் அவிழ்த்தார்கள். தலைமுடி தெரிய கோயிலுக்குள் நிற்பது பாவம் என்பது எல்லாருக்கும் தெரியும்.

"யாரும் அசையாதீங்கடி," என்றாள் பெரீன்.

அசையவில்லை. ஒருத்தி இருமலை அடக்கி அடக்கிக் கண்ணில் தண்ணீர் விட்டாள். முழங்கால் வலித்தவள் அப்படியே நின்றாள். துணியைப் பிடித்து இழுக்க வேண்டிய பார்பா கையை நீட்டவே இல்லை. எவ்வளவு நேரம் ஆயிற்றோ. சாத்தாமல் விட்ட கதவு வழியாகக் காற்று உள்ளே வந்து துணியின் ஒரு முனையை மெல்லத் தூக்கியது. ஜானெத் பாய்ந்து மண்டியிட்டு, இரண்டு கைகளாலும் அந்த முனையைத் தரையோடு அமுக்கிப் பிடித்துக்கொண்டாள்.