இருபது லிட்டர் முதுகு

திங்கட்கிழமை இருபத்தேழு புள்ளி ஏழு. செவ்வாய்க்கிழமை இருபத்தெட்டு புள்ளி நாலு. இடையில் நான் ஒரு தையலைக்கூட மாற்றவில்லை. என் சந்தேகம் அங்கே தொடங்கியது.

அது என்ன எண் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். போன குளிர்காலத்தில் நானும் மனைவியும் மலைக்காட்டில் முகாம் போட்டோம். தரை ஈரமாக இருந்ததால் இரண்டு மரங்களுக்கு நடுவே தொங்கு படுக்கை கட்டிப் படுத்தோம். மேலே நல்ல தூக்கப்பை இருந்தும் விடிவதற்குள் அவள் முதுகு விறைத்துப்போனது. எத்தனை டிகிரி என்று கேட்டாள். எட்டு என்றேன். அவள் என் கையிலிருந்த வெப்பமானியைத் திருப்பிப் பார்த்தாள். மூன்று.

"குளிரக்கூட மன்னிச்சிருவேன்," என்று மட்டும் சொன்னாள். அதன் பிறகு முகாம் என்ற பேச்சு எங்கள் வீட்டில் எழவில்லை.

நான் ஒரு குளிர்கிடங்கில் மெக்கானிக். குளிர் எங்கிருந்து எங்கே போகிறது என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு. ஆகவே அந்த முதுகு ஏன் விறைத்தது என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். தூக்கப்பையில் நம்மைச் சூடாக வைத்திருப்பது பஞ்சு அல்ல, பஞ்சுக்குள் அசையாமல் நிற்கும் காற்று. படுத்தவுடன் நம் எடை அடிப்பக்கப் பஞ்சை அப்பளமாக நசுக்கிவிடுகிறது. காற்று போய்விட்டால் மிஞ்சுவது வெறும் துணி. தரையில் படுத்தால் கீழே மண்ணாவது இருக்கும். தொங்கு படுக்கையில் கீழே ஓடுவதெல்லாம் காற்று.

அதற்கு வழி, நசுங்காத இடத்தில் பஞ்சை வைப்பது. படுக்கைக்கு வெளியே, அடியில், அதைத் தொட்டும் தொடாமலும் ஒரு அடிமெத்தையைத் தொங்கவிட வேண்டும். இறுக்கிக் கட்டினால் பஞ்சு நசுங்கும். தளர்த்திக் கட்டினால் நடுவில் இடைவெளி விழுந்து காற்று புகுந்து விளையாடும். தலைப்பக்கமும் கால்பக்கமும் சுருக்குப்பை மாதிரி எலாஸ்டிக் கோத்து மூட வேண்டும். குடைத்துணியும் செயற்கைப் பஞ்சும் வாங்கி, குறுக்கே பன்னிரண்டு அறைகளாகத் தைத்தேன். அறை பிரிக்காவிட்டால் பஞ்சு முழுவதும் நடுவில் வந்து குவிந்துவிடும்.

மனைவி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறாள். வாய்வார்த்தை அவளிடம் எடுபடாது. "படுத்துப் பாத்து நல்லா இருக்குன்னு நீங்க சொன்னா நான் நம்பணுமா? எனக்கு அளவு வேணும்," என்றாள். உடன்படிக்கை இப்படி முடிந்தது: பத்து லிட்டர் கேன் இரண்டில் முப்பத்தேழு டிகிரி வெந்நீர் நிரப்பி, தூக்கப்பைக்குள் வைத்துப் படுக்கையில் கிடத்துவது. கிடங்கில் காலியாக இருக்கும் மூன்றாம் அறையில், இரண்டு டிகிரியில், காலை எட்டிலிருந்து மாலை நாலு வரை. எட்டு மணி நேரம் கழித்து எத்தனை டிகிரி மிஞ்சுகிறது என்பதே அளவு. நான் இருபத்தைந்து போதும் என்றேன். அவள் முப்பது கேட்டாள். காய்கறிக்கடை பேரம் போலப் போய் இருபத்தெட்டில் நின்றது. இருபத்தெட்டுக்குக் கீழே போகாவிட்டால் அவள் லீவு போட்டுவிட்டு என்னோடு வருவாள். போனால் இனி அந்தப் பேச்சே கிடையாது. சனிக்கிழமை மாலை அளவுகளைக் காட்ட வேண்டும்.

திங்கட்கிழமை புள்ளி மூன்றில் தோற்றேன். செவ்வாய் ஜெயித்தேன். எதையும் மாற்றாமல் எப்படி ஜெயிக்க முடியும்?

கேனில் ஒட்டியிருந்த வெப்பமானி ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எண்ணைக் குறித்துவைத்துக்கொள்ளும் வகை. அந்த எண்களைக் கோடாக வரைந்தேன். ஆறுகிற தண்ணீரின் கோடு சறுக்குமரம் மாதிரி வழுக்கிக்கொண்டே இறங்க வேண்டும். என் கோடு பன்னிரண்டரை வரை ஒழுங்காக இறங்கி, அங்கே ஒன்றரை டிகிரி மேலே ஏறி, ஒரு மணிக்குப் பிறகு மறுபடி இறங்கியது. தண்ணீர் தன்னைத் தானே சூடாக்கிக்கொள்ளாது. சாப்பாட்டு நேரத்தில் ஏதோ ஒரு சூடு உள்ளே போய் வந்திருக்கிறது.

புதன்கிழமை படுக்கையைக் கட்டிய கயிற்றில், முடிச்சை ஒட்டி, சாக்பீஸால் கோடு போட்டுவைத்தேன். மாலையில் முடிச்சு கோட்டிலிருந்து நாலு விரல் நழுவியிருந்தது. இருபது கிலோ கேனுக்கு அந்த முடிச்சு அசையாது. எண்பது கிலோ வேண்டும்.

என் கண் முதலில் போனது கொட்டாவி என்று நாங்கள் கூப்பிடுபவன் மேல். அவன் சுமை தூக்குபவன், நின்றுகொண்டே தூங்கக்கூடியவன். நான் படுக்கையைக் கட்டிய அன்றே வந்து, "யாருக்கு சார் தூளி? வீட்ல விசேஷமா?" என்று கேட்டு நாலு பேரைச் சிரிக்க வைத்தவன். வியாழக்கிழமை சாப்பாட்டு மணி அடித்ததும் அவன் பின்னாலேயே போனேன். வெளியே, வெயிலில், காலி சாக்குகளின் மேல் வாயைத் திறந்துகொண்டு தூங்கினான். வெயில் இருக்கும்போது இவன் ஏன் ஐஸ்பெட்டிக்குள் போகப்போகிறான்?

அடுத்து சூப்பர்வைசர். எதையும் பூட்டியே வைப்பதால் அவருக்குப் பெயர் பூட்டு. மூன்றாம் அறையின் சின்னக் கதவுச் சாவி அவர் இடுப்பில்தான் தொங்கும். அவரோ கண்ணாடி அறையில் உட்கார்ந்து, டப்பாவை மூடி மூடித் திறந்து, ஒரு மணி நேரம் நிதானமாகச் சாப்பிட்டார். இடத்தைவிட்டு அசையவில்லை. ஆனால் அன்றும் இறுதி எண் இருபத்தெட்டு புள்ளி ஐந்து. அறையின் வெப்பப் பதிவுத் தாளில், கதவு திறக்கும்போதெல்லாம் எழும் முள், பன்னிரண்டு முப்பத்தொன்றுக்கு ஒருமுறையும் ஒன்று ஐந்துக்கு ஒருமுறையுமாக இரண்டு முறை எழுந்திருந்தது.

சாவி இல்லாமல் திறக்கக்கூடியது பெரிய கதவு மட்டும். அதற்கு உயரத்தில் ஒரு கயிறு தொங்கும். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர் வண்டியில் உட்கார்ந்தபடியே இழுத்துத் திறப்பதற்காக வைத்தது. எங்களிடம் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர்கள் இரண்டு பேர். ஒருவர் அந்த வாரம் லீவு. இன்னொருவன் என் மைத்துனன், மனைவியின் தம்பி. தினமும் என்னோடு உட்கார்ந்து சாப்பிடுகிறவன் செவ்வாய்க்கிழமையிலிருந்து வருவதில்லை. "உடம்பக் குறைக்கிறேன் மாமா," என்றிருந்தான். அவன் எடை எண்பதுக்கு மேல் இருக்கும்.

இவன் எனக்கு உதவி செய்கிறானா, உளவு பார்க்கிறானா? நான் தோற்பதைப் பார்த்து இரக்கப்பட்டு, உள்ளே படுத்துச் சூடேற்றுகிறானா? அல்லது அக்கா அனுப்பி வந்தவனா? வெள்ளிக்கிழமை பெரிய கதவுக்கு எதிரே அடுக்கியிருந்த உருளைக்கிழங்குப் பெட்டிகளுக்குப் பின்னால் ஒளிந்து நின்றால் கையும் களவுமாகப் பிடித்துவிடலாம். பன்னிரண்டு இருபத்தைந்துக்குக் கதவுவரை போனேன்.

அங்கே நின்றபோது வேறொன்று தோன்றியது. பிடித்துவிட்டால் எனக்குத் தெரிந்துவிடும். தெரிந்துவிட்டால் அவளிடம் சொல்ல வேண்டும். சொன்னால் மிஞ்சுவது திங்கட்கிழமையின் இருபத்தேழு புள்ளி ஏழு. தெரியாமல் இருந்தாலோ ஐந்து நாளில் நாலு நாள் வெற்றி. திரும்பிப்போய் என் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தேன். அரை மணி நேரம் என்னத்தை மென்றேன் என்று நினைவில்லை.

சனிக்கிழமை மாலை ஒரு தாளில் ஐந்து எண்களை மட்டும் எழுதி அவள் முன் வைத்தேன். வரைந்த கோடுகள் சட்டைப்பையில் நாலாக மடிந்து இருந்தன. மைத்துனனும் வந்திருந்தான். சன்னலோரம் உட்கார்ந்து, என்றைக்கும் இல்லாத அக்கறையோடு செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தான்.

அவள் தாளைக் கையில் எடுக்காமல் மேசையிலேயே வைத்துப் படித்தாள்.

"திங்கள் மட்டும் குறைவு. செவ்வாய்க்கு என்ன மாத்துனீங்க?"

எலாஸ்டிக்கை இறுக்கினேன் என்று சொல்லிவிடலாம். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, என் சட்டைப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். போன வருடம் வெப்பமானியைத் திருப்புவதற்கு முன்னால் பார்த்த அதே பார்வை.

"ஒண்ணும் மாத்தல," என்றேன். "நாலு நாளா சாப்பாட்டு நேரத்துல யாரோ உள்ள படுத்திருக்காங்க. அந்தச் சூட்டுலதான் ஜெயிச்சிருக்கு. உண்மையான அளவு திங்கட்கிழமையோடது." கோடுகளை எடுத்து விரித்தேன். ஏற்றம் தெரிந்த இடங்களில் ஒவ்வொன்றாக விரல் வைத்துக் காட்டினேன்.

செய்தித்தாள் தாழ்ந்தது. "நான் அப்பவே சொன்னேன்ல அக்கா, மாமா கண்டுபிடிச்சிருவார்னு."

"நீ பேசாத," என்றாள் அவள். பிறகு என்னிடம், "திங்கக்கிழமை சாயங்காலம் உங்க மூஞ்சியப் பாத்தேன். போன வருஷம் எட்டுன்னு சொன்ன அதே மூஞ்சி. அதான் இவன அனுப்புனேன். கேனு எப்படியும் போகட்டும், ஆளுக்குக் குளிருதா இல்லையான்னு பாத்துட்டு வாடான்னேன்."

எனக்குச் சுருக்கென்று வந்தது. மாதிரியை யாராவது தொட்டால் முடிவு செல்லாது என்று ஊருக்கே பாடம் எடுப்பவள் அவள். என் மாதிரியில் எண்பது கிலோ ஆளைப் படுக்கவைத்திருக்கிறாளே என்று கேட்டேன். அவள் தம்பியைப் பார்த்துக் கண்ணைக் காட்டினாள்.

மைத்துனன் பையிலிருந்து ஒரு துண்டுச்சீட்டை எடுத்து நீட்டினான். நாலு நாளும் கேன்களைக் கால்பக்கம் தள்ளிவிட்டுப் படுத்து, எழுந்ததும் எழுதியவை. செவ்வாய்: முதுகு சூடு, இடது தோள் ஐஸ். புதன்: முதுகு சூடு, இடது தோள் ஐஸ். வியாழன், வெள்ளி: மேற்படி.

"கேனுக்கு ஏது மாமா தோளு?" என்றான்.

உண்மைதான். தொங்கு படுக்கையில் யாரும் நேராகப் படுப்பதில்லை. நேராகப் படுத்தால் வாழைப்பழம் மாதிரி வளைய வேண்டும். கொஞ்சம் சாய்த்துக் குறுக்காகப் படுத்தால்தான் முதுகு சமமாகும். என் அடிமெத்தையோ கேன்களுக்குத் தகுந்தபடி நேராகத் தொங்கிக்கொண்டிருந்தது. குறுக்காகப் படுத்த ஆளின் இடது தோள் மெத்தையைவிட்டு வெளியே போய்விடும். இருபது லிட்டர் தண்ணீர் எட்டு மணி நேரம் கிடந்தாலும் அதைச் சொல்லியிருக்காது.

"அப்ப முடிவு?" என்று கேட்டேன்.

"உங்க அளவுப்படி தோத்துட்டீங்க. இவன் அளவுலயும் தோளு தோத்துருச்சு," என்றாள். தாளை மடித்து, என் சட்டைப்பையில் அல்ல, தன் கைப்பையில் வைத்துக்கொண்டாள். "நாளைக்குத் தோளச் சரிபண்ணுங்க. திங்கக்கிழமை மத்தியானம் நானே படுக்கிறேன்."

ஞாயிறு முழுவதும் அடிமெத்தையின் இரண்டு எதிர் மூலைகளைப் பிரித்து, துண்டு சேர்த்து, படுக்கிற சாய்வுக்கே அதுவும் சாயும்படி நாடா வைத்துத் தைத்தேன். அவள் துணியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். உதவிக்குப் பிடித்தாளா, நான் உள்ளே எதையாவது ஒளித்துவைக்காமல் இருக்கப் பிடித்தாளா என்று தெரியவில்லை.

திங்கட்கிழமை பன்னிரண்டரைக்கு வந்தாள். பூட்டு தன் கையாலேயே சின்னக் கதவைத் திறந்துவிட்டார். படுப்பதற்கு முன் அடிமெத்தையின் பன்னிரண்டு அறைகளையும் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தாள். வெந்நீர்ப்பை இருக்கிறதா என்று தேடுகிறாள் என்பது எனக்குப் புரிந்தது. பிறகு தன் கூடத்திலிருந்து கொண்டுவந்த வெப்பமானியைக் கையில் வைத்துக்கொண்டு உள்ளே புகுந்தாள். நான் வெளியே நிற்க வேண்டும் என்பது ஏற்பாடு.

கைப்பிடியைப் பிடித்தபடி நின்றேன். பூட்டு வந்து நின்றார். கொட்டாவியும் சாக்கை விட்டு எழுந்து வந்து நின்றான். ஒரு மணி ஆனது. சாப்பாட்டு நேரம் முடிந்து வண்டிகள் ஓடத் தொடங்கின. அவள் வரவில்லை. ஒன்று பத்துக்கு, விறைத்துக்கிடக்கிறாளோ, எனக்குப் பாடம் கற்பிக்க வேண்டுமென்றே கிடக்கிறாளோ என்று கதவைத் திறந்தேன்.

படுக்கை லேசாக ஆடிக்கொண்டிருந்தது. இடது தோள் பக்கமாக ஒருக்களித்து, கண்ணை மூடியிருந்தாள். உண்மையான தூக்கமா, நடிப்பா? இன்னும் கொஞ்சம் கதவைத் தள்ளினேன்.

"லீவு ஃபார்ம் கைப்பையில இருக்கு," என்றாள் கண்ணைத் திறக்காமலே. "தேதிய எழுதுங்க. கதவச் சாத்துங்க, குளிர் உள்ள வருது."

உள்ளே இரண்டு டிகிரி, வெளியே இருபத்தாறு. அந்தக் கதவு வழியாக உள்ளே வரக்கூடியது வெப்பம் மட்டும்தான். விளக்கிச் சொல்ல வாயெடுத்தேன். மூடிக்கொண்டேன். கதவையும்.