ஃபென்னா கலந்த தண்ணீர்

வட ஜெர்மனியில், லேயர் ஊரில், என் வீட்டு நிலவறையில் பன்னிரண்டு கண்ணாடித் தொட்டிகள் இருக்கின்றன. அவற்றில் பவளம் வளர்க்கிறேன். வளர்ந்ததை நறுக்கி, விரலளவுத் துண்டுகளாகச் சிறு கற்களில் ஒட்டி, வீட்டில் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு விற்கிறேன். ‘ஹார்ம்ஸ் வீட்டுப் பவளம் சாகாது’ என்று எனக்குப் பெயர். அந்தப் பெயர் மேல் எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே மோகம் உண்டு. நடந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

ஓக்கோ ஃப்ரேயர்க்ஸ் முதன்முறை வந்தது ஏப்ரலில், ஒரு சனிக்கிழமை. எம்டன் துறைமுகத்தில் முப்பத்தைந்து வருஷம் பாரந்தூக்கி ஓட்டி ஓய்வு பெற்றவர். நெடிய ஆள்.

“மோய்ன்,” என்று எங்கள் பக்கத்து வணக்கத்தைச் சொன்னார். “இங்கதான் பவளம் கிடைக்குமா?”

“இங்கதான். குனிஞ்சு வாங்க, உத்தரம் இடிக்கும். போன வாரம் ஒருத்தர் பவளம் வாங்க வந்து புடைப்பு வாங்கிட்டுப் போனாரு.”

அவர் சிரிக்கவில்லை. சட்டைப்பையிலிருந்து ஒரு புகைப்படத்தை எடுத்தார். நீளமான தொட்டி ஒன்று, அதில் ஏறக்குறைய இருபது பவளங்கள். மூன்று இடங்களில் பேனாவால் வட்டம் போட்டிருந்தது.

“இந்த மூணும் போயிடுச்சு. இதே மாதிரி வேணும். அதே நிறம், அதே அளவு.”

“யாரு தொட்டி?”

“மகளோடது.” படத்தை என் கையில் கொடுத்தார். “நல்லா ஆரோக்கியமா இருக்கணும். எப்படிப் பார்த்து வாங்கறதுன்னு எனக்குத் தெரியாது. சொல்லுங்க, எழுதிக்கிறேன்.”

வருகிறவர்கள் எல்லாரும் நிறத்தைக் கேட்பார்கள், விலையைக் கேட்பார்கள். இப்படிக் கேட்டவர் இவர் ஒருவர்தான். நான் நீல விளக்கை அணைத்து வெள்ளை விளக்கைப் போட்டேன்.

“நீல வெளிச்சத்துல பிணம்கூட மினுக்கும். எங்க போனாலும் முதல்ல வெள்ளை விளக்கைப் போடச் சொல்லுங்க. அப்புறம் அடியைப் பாருங்க. சதை கல்லு வரைக்கும் மூடியிருக்கணும். வெள்ளையா எலும்பு தெரிஞ்சா தொடாதீங்க. திருப்பிப் போட்டு, புழு முட்டை இருக்கான்னு பாருங்க. இப்படிக் கையை நிழலாட்டினா சட்டுனு சுருங்கணும். சுருங்கலைன்னா அதுக்கு உசிர்ல பிடிப்பு இல்லைன்னு அர்த்தம்.”

அவர் ஒரு சின்ன நோட்டில் பெரிய எழுத்துகளில் எழுதிக்கொண்டார். வாரம் ஒரு முறை தண்ணீரில் பத்தில் ஒரு பங்கை மாற்ற வேண்டும் என்று சொன்னதையும் எழுதினார். மூன்று துண்டுகளை வாங்கி, வெப்பம் தாங்கும் பெட்டியில் குழந்தையைப் போல் ஏந்திக்கொண்டு போனார்.

மே மாதம் திரும்பி வந்தார். மூன்றும் செத்துவிட்டன. படத்தில் இன்னும் இரண்டு வட்டங்கள் கூடியிருந்தன. பயணத்தில் குளிர்ந்திருக்கும், வெளிச்சம் கூடியிருக்கும் என்று ஏதோ சமாதானம் சொல்லி ஐந்து துண்டுகள் கொடுத்தேன். மூன்றைக் காசு வாங்காமல்தான் கொடுத்தேன்.

ஜூன் கடைசியில் கையில் ஒரு பிளாஸ்டிக் டப்பாவோடு வந்தார். அதற்குள் ஐந்து வெள்ளை எலும்புகள். கீழே அப்போது வேறு இரண்டு பேர் பவளம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் முன்னால் டப்பாவை மேசையில் வைத்தார்.

“நோய் பிடிச்சதா பார்த்து என் தலையில கட்டிட்டீங்க.”

எனக்கு முகம் சுட்டது. “இங்க வாங்க. நீங்க வாங்கின துண்டோட தாய் இதோ நிக்குது. இதுக்கு நோயா? உங்க கண்ணுக்குத்தான் நோய். கோளாறு உங்க தொட்டியில இருக்கு. நாளைக்கே நான் வந்து காட்டறேன்.”

“வாங்க,” என்றார். “டீ போட்டு வைக்கிறேன்.”

மறுநாள், ஞாயிற்றுக்கிழமை மதியம், எம்டனுக்குப் போனேன். சின்ன வீடு, துப்புரவான வீடு. தொட்டியின் கண்ணாடி பளிச்சென்று இருந்தது. மோட்டார்கள் சீராக ஓடின. ஒரு குழாயில்கூடக் கசிவு இல்லை. இயந்திரத்தோடு வாழ்ந்த மனிதரின் கைவேலை. ஆனால் உள்ளே பாதிப் பாறைகள் மொட்டையாக நின்றன. நடுவில் தோல் போல் மெத்தென்றிருக்கும் ஒரு பெரிய ‘தோல் பவளம்’ மட்டும், கைகளை உள்ளே இழுத்து, பாதி மூடிக் கிடந்தது. இரண்டு ஆரஞ்சு மீன்கள் அதைச் சுற்றி வந்தன. ஒரு வெள்ளைக் கோப்பையில் தண்ணீரை மொண்டு பார்த்தேன். மஞ்சளாக இருந்தது. சோதனைக் குழாயில் மருந்துச் சொட்டு விட்டதும் தண்ணீர் பீட்ரூட் சாறு போல் சிவந்தது; கழிவு அவ்வளவு ஏறியிருந்தது.

“கடைசியா எப்ப தண்ணி மாத்தினீங்க, ஓக்கோ?”

அவர் கற்கண்டின் மேல் சூடான டீயை ஊற்றிக்கொண்டிருந்தார். கற்கண்டு சடசடவென்று வெடித்தது.

“நோட்டுல எழுதிக்கிட்டீங்களே.”

“மாத்தல.”

“எத்தனை மாசமா?”

“பதினாறு.”

“பதினாறா! இது தொட்டியா, செப்டிக் டேங்கா? உங்க மகளாவது சொல்லக் கூடாதா?”

“ஃபென்னா செத்துப்போயிட்டா,” என்றார்.

இருபத்தொன்பது வயது. மருந்துக்கடையில் வேலை. வாடிக்கையாளருக்குச் சில்லறை கொடுத்துக்கொண்டு நின்றவள் அப்படியே விழுந்திருக்கிறாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்திருந்தது. மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள், கண் திறக்கவில்லை.

“அதுக்கு முந்தின வாரம்தான் இந்தப் புதுத் தொட்டியை வச்சா. முந்நூறு லிட்டரும் அவளே கலந்தது, அதோ அந்த வாளியில, மரக்கரண்டியால. என்னைத் தொட விடல. ‘அப்பா, நீ உப்பு போட்டா சாக்கடல் ஆயிடும், தள்ளிப் போ’ன்னா.” முதல்முறையாக அவர் முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன். “அவ துணிமணியைத் தோழிங்க எடுத்துட்டுப் போயிட்டாங்க. காரை வித்தாச்சு. இது அவ கலந்த தண்ணி. இதை எடுத்துச் சாக்கடையில ஊத்தச் சொல்றீங்களா?”

நான் அங்கே நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் முந்தின நாள் பட்ட அவமானம் இன்னும் ஆறவில்லை. என் பவளத்தின் மேல் பழி வந்துவிட்டது, அதைத் துடைக்க வேண்டும், அவ்வளவுதான் என் மண்டையில் ஓடியது.

“தினம் வத்திப்போறதுக்கு எவ்வளவு உப்பில்லாத நல்ல தண்ணி ஊத்தறீங்க?”

“நாலு லிட்டர்.”

“நாலா? எழுபத்தஞ்சு நாள்ல முந்நூறு லிட்டர். பதினாறு மாசத்துல ஆறு தடவை மொத்தமும் ஆவியாயிருக்கு. அவ கலந்த தண்ணி எப்பவோ ஜன்னல் வழியா போயிடுச்சு. இதுல இருக்கறதெல்லாம் நீங்க ஊத்தினதுதான்.”

“அப்படியா,” என்றார்.

கெட்டிலை மெதுவாகக் கீழே வைத்தார். தொட்டியின் பக்கம் திரும்பவே இல்லை. எங்கள் பக்கத்தில் மூன்று கோப்பை டீ குடிக்க வைக்காமல் யாரும் விருந்தாளியை அனுப்ப மாட்டார்கள். நான் ஒன்றுதான் குடித்திருந்தேன். அவர் என் கோப்பையை எடுத்துக் கழுவப் போட்டுவிட்டார். நான் கிளம்பினேன்.

பாதி வழியில் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது என் சட்டைக் கையைப் பார்த்தேன். தொட்டித் தண்ணீர் பட்ட இடம் காய்ந்து வெள்ளையாகப் பூத்திருந்தது. உப்பு. பெட்ரோல் பங்கில் வண்டியை நிறுத்திவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். தண்ணீர்தான் ஆவியாகும், உப்பு எங்கேயும் போகாது. அவர் ஒரு சொட்டுக்கூட வெளியே எடுத்ததில்லை. அந்தப் பெண் மரக்கரண்டியால் கலந்த உப்பு மொத்தமும் அந்தத் தொட்டியில்தான் இருந்தது. இருபது வருஷம் இதே தொழில். இது அங்கே உட்கார்ந்திருந்தபோது எனக்குத் தோன்றவில்லை.

போன் செய்தேன், எடுக்கவில்லை. திங்கட்கிழமையும் எடுக்கவில்லை. கோபத்தில் இருப்பார், ஆறட்டும் என்று விட்டேன். அரை மணி நேரத் தூரம்தான். புதன்கிழமைதான் போனேன்.

கதவைத் திறந்தவர் வழிவிட்டார். தொட்டி காலியாக இருந்தது. ஈரம்கூட இல்லாமல் துடைத்து வைத்திருந்தார். பாறைகள் விரித்த தினத்தாளின் மேல் காய்ந்துகொண்டிருந்தன.

“எப்ப?”

“ஞாயித்துக்கிழமையே. நீங்க போனதும் குழாய் போட்டேன். வடிய ரெண்டு மணி நேரம் ஆச்சு. பக்கத்துல உக்காந்திருந்தேன்.”

“மீன்?”

“அவ தோழி வந்து கொண்டுபோனா.”

காரில் வரும்போது ‘உப்பு எங்கேயும் போகல, ஓக்கோ’ என்ற ஒரு வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருந்தேன். அதை இனி எப்படிச் சொல்வது?

சமையலறையில் ஒரு வாளி இருந்தது. அதில் தோல் பவளம், காற்றுக் குழாய், சூடேற்றி. “இது அவ முதமுதல்ல வாங்கினது. பள்ளிக்கூடத்துல படிக்கறப்ப,” என்றார். “இதுக்கு மட்டும் நானே புதுசா தண்ணி கலந்தேன். பாக்கெட்டுல போட்டிருந்த அளவுதான். சரியான்னு பாருங்க.”

உப்பை அளக்கும் கருவியை விட்டு அளந்தேன். மிகச் சரியாக இருந்தது.

“எடுத்துட்டுப் போங்க. உங்ககிட்டதான் சாகாதாமே.” அதில் குத்தல் இருந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

பதினோராவது நாள் அது கைகளை நீட்டி மலர்ந்தது. படம் எடுத்து அனுப்பினேன். ‘நல்லது’ என்று ஒரு சொல் வந்தது.

நவம்பரில் ரயிலேறி வந்தார், ஆப்பிள் கேக்கோடு. அந்தத் தொட்டி முன்னால் வெகுநேரம் நின்றார். பவளம் அகலமாக விரிந்து, நீரோட்டத்தில் கைகளை ஆட்டிக்கொண்டிருந்தது. அப்போதுதான் சொன்னேன். உப்பைப் பற்றி, பெட்ரோல் பங்கைப் பற்றி, எடுக்காத போனைப் பற்றி. அவருக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துச் சொல்லவில்லை. என்னால் வைத்துக்கொண்டிருக்க முடியவில்லை.

“அன்னைக்கே சொல்லியிருக்கலாமே,” என்றார். குரல் உயரவில்லை.

“அன்னைக்குத் தோணல, ஓக்கோ.”

தலையாட்டினார். ஒரு ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார். பிறகு அவராகவே ஃபென்னாவைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். பதினான்கு வயதில் இந்தப் பவளத்தைப் பையில் போட்டு, குளிர் தாக்காமல் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தாளாம். வழியில் பை ஒழுகி, குளிர்காலத்தில் தொப்பலாக நனைந்து வீட்டு வாசலில் நின்றாளாம். பல் கிடுகிடுக்க, “அப்பா, முதல்ல இதைப் பாரு, என்னை அப்புறம் திட்டு” என்றாளாம். ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினார். ஏப்ரலிலிருந்து என் வீட்டுக்கு வந்துபோன மனிதர். நான் அவளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை.

ஐந்து மணி ரயிலுக்கு ஸ்டேஷனில் கொண்டுபோய் விட்டேன். அதற்குப் பிறகு அவர் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் பவளத்தைப் படம் எடுத்து அனுப்புகிறேன். சில வாரம் பதில் வரும்.