ஊசிக்கு இட்ட எண்ணெய்

ராகேலின் பஸ்ஸுக்கு அம்மை போட்டுவிட்டது. முழங்கை நீளம்கூட இல்லாத குட்டி பஸ் அது. கூரையிலிருந்து சக்கரம் வரை பிளாஸ்டிக் தகட்டில் அவளே வெட்டி ஒட்டியது. காலையில் அடித்த சிவப்புச் சாயம், காய்வதற்குள் வட்ட வட்டமாக விலகிக் குழி விழுந்து நிற்கிறது. சாயங்காலம் கண்டக்டர் ஷிஜு வாங்கிப்போக வந்துவிடுவான். வித்துரா ஊருக்குப் போகும் பஸ்ஸை ஓட்டிய டிரைவர் வன்னியபெருமாளுக்கு இன்றோடு பணி ஓய்வு. அவர் ஓட்டிய அதே பஸ்ஸைக் குட்டியாகச் செய்து கையில் கொடுப்பதாகக் கூட்டாளிகள் ஏற்பாடு. வெளியாள் ஒருவர் நம்பி அவளிடம் ஒப்படைத்த முதல் வேலை. அதுதான் மூஞ்சியெல்லாம் பொத்தலாக நிற்கிறது.

மழைதான், வேறென்ன என்று நினைத்தாள். திருவனந்தபுரத்து மழைக்காலத்தில், சாயம் பீச்சக் காற்றடைக்கும் கம்ப்ரசர் காற்றையா உறிஞ்சுகிறது? பாதிக்குப் பாதி தண்ணீரை அல்லவா! டாங்கின் அடித்திருகைத் திறந்தாள். துருநிறத் தண்ணீர் சீறிக்கொண்டு வந்தது. "அப்படி வா வழிக்கு" என்று கம்ப்ரசரைத் திட்டினாள். குழாயில் ஈரம் பிடிக்கும் குப்பியையும் கழற்றித் துடைத்து மாட்டினாள். பஸ்ஸின் பின்பக்கத்தை மட்டும் தேய்த்துவிட்டு அடித்துப் பார்த்தாள். மறுபடியும் அம்மை. சாயம் கெட்டுவிட்டதோ என்று புது டப்பாவை உடைத்தாள். அதுவும் அப்படியே. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதால் நேரம் போகும் என்று அழவில்லை.

கடைசியில் ஏர்பிரஷ்ஷையே பிரித்தாள். பேனா மாதிரி இருக்கும் அந்தக் கருவிக்குள் நுனிவரை ஒரு மெல்லிய ஊசி ஓடும். அது பின்வாங்கினால் சாயம் வரும், முன்னால் வந்தால் நிற்கும். ஊசியை உருவினாள். விரலில் வழுக்கியது. மோந்து பார்த்தாள். தேங்காய் எண்ணெய்! எண்ணெய் கலந்த சாயம் எங்கே ஒட்டப்போகிறது?

அந்த வீட்டில் தேங்காய் எண்ணெயைத் தலைக்கும் தேய்த்து, கதவுக் கீலுக்கும் விட்டு, வெட்டுக்காயத்துக்கும் வைக்கிற ஆள் ஒருத்திதான்: புருஷன் அகிலின் அம்மா முத்தாரம்மாள். மகன் வேதக்காரப் பெண்ணைக் கட்டிக்கொண்டு வந்த நாள் முதலாக மருமகளிடம் அவள் முகம் கொடுத்துப் பேசியதில்லை. வேண்டியிருந்தால் ஒரு "ஏ பிள்ளே", அவ்வளவுதான். போன வாரம்தான் முதன்முதலாக, வேலை நடக்கும் பின்னறை வாசலில் வந்து நின்று, ராகேல் ஊசியின் பின்புறத்தில் அதற்கென்றே உள்ள எண்ணெயை ஒரு துளி தொட்டு வைப்பதைப் பார்த்தாள்.

"அது என்னத்துக்கு மக்ளே?"

"இறுகாம இருக்கத்தான் மாமி."

அந்த 'மக்ளே'யை அன்றைக்கு அகிலிடம் சொல்லிச் சொல்லி ராகேலுக்கு மாளவில்லை. இப்போது அதே வாசலில் முத்தாரம்மாள் மறுபடியும் வந்து நின்றாள்.

"என்ன மக்ளே, மொகம் வாடிக் கெடக்கு?"

நாக்கு நுனியில் வந்ததைக் கொட்டியிருந்தால் வீடு இரண்டாகியிருக்கும். இப்போதுதான் கிடைத்த 'மக்ளே'யை இழக்க ராகேலுக்கு மனசில்லை.

"மழை மாமி. கம்ப்ரசருக்குள்ள தண்ணி ஏறிட்டு."

"மழை சதிச்சிட்டு, இல்லியா? பாவம்!" என்று உச்சுக்கொட்டிவிட்டு அவள் அடுக்களைக்குப் போனாள்.

ராகேல் கதவைச் சாத்திக்கொண்டாள். ஊசி, சாயம் பீச்சும் மூக்கு, சாயக் கிண்ணம் எல்லாவற்றையும் தின்னரில் ஊறப்போட்டுக் கழுவினாள். பஸ்ஸை மொத்தமாகத் தேய்த்து, ஸ்பிரிட்டால் துடைத்து, மெல்ல மெல்ல அடித்தாள். சாயம் பாலாடை போலப் படிந்தது. அப்பாடா! மஞ்சள் பட்டையும் அடித்துத் தலைமுடி உலர்த்தியால் காயவைத்து முடிக்கவும் வாசலில் ஷிஜு வந்து நிற்கவும் சரியாக இருந்தது.

"அய்யோ சேச்சி, பம்பர்ல உள்ள சொட்டை வரை உண்டல்லோ! ஆசான் கரையும், நோக்கிக்கோ!" என்று, டிரைவர் இதைப் பார்த்து அழப்போவதை இப்போதே கண்டவன் போலச் சிரித்து, பஸ்ஸைக் குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டு போனான்.

அவனை வழியனுப்பிவிட்டுக் குளித்து வந்த ராகேல், பின்னறையைப் பார்த்துத் திகைத்துப்போனாள். முத்தாரம்மாள் கம்ப்ரசர் பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். அடித்திருகுக்குக் கீழே ஒரு சோற்றுச் சட்டி.

"தண்ணி முழுக்கத் தொறந்து விட்டாச்சு. இனி மழை என்ன செய்யும்னு பாப்போம். ஊசியும் காய்ஞ்சு கெடந்துது, கேட்டியா. நேத்து லேசாத் தடவித்தான் வச்சேன். இன்னைக்கு எண்ணெயில நல்லா முக்கியே எடுத்துட்டேன்!"

இனி எந்த மழைமேல் பழி போடுவது? ராகேல் தரையில் உட்கார்ந்து, ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். முத்தாரம்மாளின் முகம் சுருங்கியது. கண்கூடக் கலங்கியது. அப்புறம் கோபம் வந்ததே பார்க்கணும்!

"காலத்தே சொல்லியிருந்தா ஒன்னக் கடிச்சா தின்னிருப்பேன்? அகில் செஞ்சிருந்தா வீட்டையே ரெண்டாக்கியிருப்பே. எங்கிட்ட மட்டும் பூசி மெழுகணுமா? நான் இந்த வீட்டுக்கு விருந்து வந்தவளா?"

ராகேலுக்கு வெட்கமாக இருந்தது.

"செரி, எந்த எண்ணெ, எங்க விடணும், காட்டு" என்ற முத்தாரம்மாள், ஊசியை எடுத்து முந்தானையால் துடைக்கப் போனாள்.

"முந்தானையில துடைக்காதீங்க மாமி! நூல் ஒட்டும்னு தெரியாதா?"

அறையே அதிரக் கத்திவிட்டு ராகேல் வாயைப் பொத்திக்கொண்டாள். முத்தாரம்மாள் ஊசியை அவளிடம் நீட்டினாள்.

"ஆங், இப்படிப் பேசு" என்றாள்.