புருல் வீட்டு ஜனவரி

அக்-தாமன் குடியிருப்பில், தையல்காரி புருலின் வீட்டுக்குள் ஜனவரி மாதம் மாட்டிக்கொண்டு இது ஆறாவது வருடம். தெருவில் ஆப்ரிகாட் பழுத்து உதிர்கிற ஜூலையிலும் அவள் வீட்டுக்குள் பூஜ்யத்துக்குக் கீழே இருபத்திரண்டு பாகை. ஜன்னலின் உட்பக்கம் பனி படிந்திருக்கும், வாளியில் தண்ணீர் கல்லாகக் கிடக்கும். இதைப் பற்றி இங்கே யாரும் பேசுவதில்லை. தக்காளி விலையைப் பற்றித்தான் பேசுகிறோம்.

எங்கள் தலைநகர் பிஷ்கெக் குளிர்காலம் முழுக்கப் புகையில் மூச்சுத் திணறுவதற்கு ஓரத்துக் குடியிருப்புகளில் இருக்கும் நாங்கள்தான் காரணம் என்று, நடு ஊரில் குழாய் வழியாகச் சூடு வாங்கி உட்கார்ந்திருப்பவர்கள் கண்டுபிடித்தார்கள். நாங்கள் ஏதோ ஆசைக்கு நிலக்கரி எரிப்பதாக அவர்களுக்கு நினைப்பு. எங்களைத் திருத்த ஒரு தொண்டு நிறுவனம் கிளம்பி வந்தது. அதன் இயக்குநர் மக்சத், ஒரு வாளி நிலக்கரியை மூன்று நாள் இழுத்துப் பிடிக்கிற பெண்களைப் பள்ளிக்கூட அறையில் உட்காரவைத்து, இரண்டு மணி நேரம் சிக்கனம் பற்றி வகுப்பெடுத்தார். அறையில் நான்கு மின் ஹீட்டர்கள் ஓடின. புழுக்கம் தாங்காமல் ஜன்னலைத் திறந்துவைத்தார்கள்.

வெப்பம் வெளியேறாதபடி சுவர்களில் நுரை அட்டை ஒட்டிக் காட்ட ஒரு மாதிரி வீடு வேண்டியிருந்தது. புருலின் வீட்டைத் தேர்ந்தெடுத்தார்கள். அதற்கு ஒரே காரணம், கார் சேற்றில் இறங்காமல் அதன் வாசல் வரை போகலாம் என்பதுதான். அவள் கணவன் திலேக் மாஸ்கோவில் கட்டட வேலையில் இருந்தான். அவளுக்கு ஐந்து மாதம். மே மாதம் குழந்தை வரும்போது வீடு கதகதப்பாக இருக்கும் என்ற ஒரே எண்ணத்தில் கையெழுத்துப் போட்டாள். ஐந்து வருடத்துக்கு அட்டையில் யாரும் கை வைக்கக் கூடாது, வைத்தால் அடுத்து வரவேண்டிய நூற்றிருபது வீடுகளுக்கு எதுவும் கிடையாது என்று அந்தக் காகிதத்தில் இருந்தது.

திறப்பு விழா ஜனவரி நடுவில். கூரையிலிருந்து புகை வந்தால் புகைப்படம் கெட்டுவிடும் என்று மக்சத் அடுப்பை அணைத்து முற்றத்தில் தூக்கிப் போடச் சொன்னார். புகைபோக்கித் துளையையும் அடைத்தார்கள். எங்களிடம் ஒரு வழக்கம்: பெரிய விருந்தாளி வருகிறார் என்றால், அவர் வந்து உட்காரும்வரை வாசல் கதவைச் சாத்த மாட்டோம். நகர அலுவலகத்துப் பிரமுகர் மூன்று மணி நேரம் தாமதமாக வந்தார். அதுவரை கதவு விரியத் திறந்துகிடந்தது, நாங்கள் கை பிசைந்துகொண்டு நின்றோம். அவர் வந்தார், ஆட்டுக்கறி தின்றார், வயது வரிசைப்படி எல்லோரும் வாழ்த்துரைத்தார்கள். கடைசி அட்டையை அவரே கையால் அழுத்தி ஒட்டினார். ரப்பர் வைத்த புதுக் கதவைச் சாத்தினார்கள். உள்ளே நின்ற குளிர் உள்ளேயே நின்றுவிட்டது.

பிப்ரவரியில் விறகில் எரியும் சிக்கன அடுப்பு ஒன்று, தனிப் புகைக்குழாயோடு வந்து சேர்ந்தது. அதில் தீ நன்றாகத்தான் எரிந்தது. தீயின் மேல் வைத்த கெண்டியில் தண்ணீர் உறைந்தது. மார்ச் முடிந்து தெருவெல்லாம் பனி உருகி ஓடியபோது, புருல் வயிற்றைத் தாங்கிக்கொண்டு மினி பஸ்ஸில் நிறுவனத்துக்குப் போய் மக்சத்தை அழைத்துவந்தாள்.

"ஐயா, அட்டையக் கழட்டிடுங்க. பிள்ளை பொறந்தா நாப்பது நாள் வீட்டுக்குள்ளதான் வெச்சிருக்கணும். இதுக்குள்ள வெச்சா அது பொழைக்குமா?"

மக்சத் வெப்பத்தைப் படம் பிடிக்கும் கருவியைச் சுவர் பக்கம் திருப்பினார். சூடு கசிந்தால் சிவப்பாகக் காட்டுமாம். "பாருங்க, முழுக்க நீலம்! ஒரு பொட்டு சூடுகூட வெளிய போகல."

"உள்ள இருந்தாதானேங்க வெளிய போகும்?"

"அது உங்க பழக்கவழக்கம் சம்பந்தப்பட்டது, தங்கச்சி. நாங்க அளக்கறது கசிவ மட்டும்தான்."

அவர் கார் தெருமுனை திரும்புவதற்குள் புருல் கோடாலியோடு சுவரருகே நின்றாள். தெருவே ஓடிவந்தது. பக்கத்து வீட்டு சானம் கோடாலிக் காம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"அடியே, நல்லா இருப்பே, கீழ போடுடி. உன் ஒருத்திக்காக எங்க நூத்தியிருபது வீட்டையும் கெடுத்துடாத."

"உங்க வீட்டுலயும் இதே ஜனவரிதான் வந்து உட்காரும்க்கா."

"நாங்க என்ன கேணைங்களா? மே மாசத்துல ஒட்டச் சொல்லுவோம்ல!"

நானும் அந்தக் கூட்டத்தில் நின்றேன். அவள் பக்கம் ஒரு வார்த்தை பேசவில்லை. நிறுவனத்தைத் திட்ட எங்களுக்கு வாய் கிழியும். ஆனால் இனாமாக ஓர் அட்டை வருகிறது என்றால், நிறைமாதக்காரியின் கையிலிருந்து கோடாலியைப் பிடுங்குகிற ஈனப் பிறவிகள் நாங்கள்.

புருல் அதற்குப் பிறகு எங்களில் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. வைக்கோலும் மண்ணும் மிதித்து, கல் அறுத்துக் காயவைத்து, முற்றத்தில் தனியாளாக ஓர் அறை எழுப்பினாள். சுவர் ஒரு முழம் கனம். தூக்கிப் போட்ட பழைய அடுப்பை உள்ளே வைத்தாள். மே மாதம் பிறந்த எமிலுக்கு நாற்பது நாளும் அங்கேதான் கழிந்தது. அந்த அறையை யாரும் அளக்கவில்லை, அது பட்டியலில் இல்லை. மாதிரி வீட்டில் ஒரு வருடமாக ஒரு கிலோ நிலக்கரிகூட எரியவில்லை என்று நிறுவனம் அறிக்கை எழுதியது. உண்மைதான், யார் மறுக்க முடியும்? ஜூலையில் வெளிநாட்டு விருந்தினர்கள் வந்து அந்த வீட்டுக்குள் நின்று வியர்வை ஆற்றிக்கொண்டார்கள். உடனே திட்டத்தின் பெயரை மின்சாரமில்லாக் குளிர்விப்பு என்று மாற்றி, அதற்கு ஒரு விருதும் வாங்கினார்கள். மக்சத் பெரிய அலுவலகத்துக்குப் போய்விட்டார். நூற்றிருபது வீடுகளுக்கும் ஆளுக்கொரு துண்டுப் பிரசுரம் வந்தது. மே மாதத்தில்தான் வந்தது.

ஐந்து வருடக் கெடு முடிந்தபோது திலேக் ஊருக்கு வந்து கோடாலியை எடுத்தான். "விடுங்க, கறியாவது கெடாம இருக்கு" என்றாள் புருல். அதற்குள் தெருவில் பாதிப்பேரின் குதிரைக்கறி அங்கேதான் தொங்கியது. சானமுடையதும்தான். புருல் ஒருவரையும் வேண்டாமென்று சொன்னதில்லை. அதுதான் எங்களுக்குப் பொறுக்கவில்லை.

போன கோடையில் எமில் தையல் மெஷின் பக்கத்தில் நின்றுகொண்டு கேட்டான்.

"அம்மா, அந்தப் பெரிய வீடு யாருது?"

"நம்மளுதுதான்டா."

"அப்ப உள்ள யாரு இருக்கா?"

புருல் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "ஜனவரி."

பையன் தலையாட்டிக்கொண்டான். இப்போதெல்லாம் கறி எடுத்துவர அனுப்பினால், காலணியைத் துடைத்துவிட்டு, கதவை இரண்டு முறை தட்டி, கொஞ்சம் பொறுத்துத்தான் உள்ளே போகிறான்.